பிளேட்லெட் மேல் இருக்கிற சர்க்கரைக்கும் ஐடிபிக்கும் என்ன சம்பந்தம்?

பூரணி:
தங்கைக்கு ஐடிபி (ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிற நோய்) என்று தெரிந்து எட்டு மாதம் ஆகிறது. ஸ்டீராய்டு கொடுத்தால் பிளேட்லெட் ஏறுகிறது, டோஸைக் குறைத்தால் திரும்ப 20 ஆயிரத்துக்கு வந்து நிற்கிறது. இப்போது மண்ணீரலை எடுக்கலாமா என்ற பேச்சு. நேற்று படித்த ஒரு கட்டுரையில், பிளேட்லெட்டின் மேற்பரப்பில் சர்க்கரை இருக்கிறது, அது உதிர்ந்தால் கல்லீரல் பிடித்து அழித்துவிடும் என்று போட்டிருந்தது. இந்த நோயில் அழிப்பது மண்ணீரல்தானே, கல்லீரல் எங்கிருந்து வந்தது? அம்மா காதில் இது விழுந்து, "அப்ப இனிப்பை நிறுத்திடலாமா?" என்று கேட்கிறார். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ரத்தத்துளி:
சிரிக்கவில்லை, அந்தச் சொல்லே குழப்புகிற சொல்தான். இது ரத்தத்தில் ஓடும் சர்க்கரை இல்லை. பிளேட்லெட்டின் மேலுள்ள புரதங்களில் கிளை கிளையாக ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் சியாலிக் அமிலம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், அதற்கு அடியில் காலக்டோஸ். தொப்பி கழன்றால் காலக்டோஸ் வெளியே தெரியும், கல்லீரல் செல்களில் உள்ள ஆஷ்வெல்-மோரெல் ஏற்பி அதைப் பிடித்துக்கொள்ளும். பிளேட்லெட் வாழ்வதே ஏழிலிருந்து பத்து நாள், வயதாக ஆகத் தொப்பிகள் தானாகவே கழல்கின்றன, ஆக இது எல்லார் உடம்பிலும் நடக்கிற வேலைதான். எனக்குப் பிடித்த விஷயம், அப்படிக் கிழட்டுப் பிளேட்லெட்டை விழுங்கும் கல்லீரலே புதியவற்றை உண்டாக்கத் தூண்டும் த்ரோம்போபோயட்டினையும் கூடுதலாகச் சுரக்கிறது என்று 2015இல் எலிகளில் காட்டினார்கள்.

ஐடிபியில் பெரும்பாலும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) பிளேட்லெட்டில் ஒட்டும், அந்த ஆன்டிபாடியின் வாலைப் பிடித்து மண்ணீரலின் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் பிளேட்லெட்டை விழுங்கும். நீங்கள் சொல்வது அந்த வழி. ஆனால் ஜிபி 1பி என்ற புரதத்தைத் தாக்கும் சில ஆன்டிபாடிகள் பிளேட்லெட்டையே உசுப்பிவிடுகின்றன, உடனே நியூராமினிடேஸ் என்ற நொதி அதன் மேற்பரப்புக்கு வந்து சொந்தத் தொப்பிகளையே வெட்டுகிறது. அப்புறம் வாலே தேவையில்லை, நேராகக் கல்லீரல். இதுவும் 2015இல் எலிகளில் பார்த்ததுதான். சிலருக்கு ஸ்டீராய்டும் ஐவிஐஜியும் (நரம்பு வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு வகை ஆன்டிபாடியும் இருக்கலாம், அதனால் ஏட்டில் இருக்கிற மாதிரி அழகாகப் பிரியாது.

கோபி_79:
இதை வைத்துத்தான் ஃப்ளூவுக்குத் தரும் ஓசெல்டாமிவிர் உள்ளே வந்தது. அது வைரஸின் நியூராமினிடேஸைத் தடுக்கிற மருந்து. சீனாவில் புதிதாக ஐடிபி வந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டோடு இதையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள்: இரண்டையும் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு முதலில் பிளேட்லெட் ஏறியது, டெக்ஸா மட்டும் எடுத்தவர்களில் 66. ஆறு மாதத்தில் பலன் இருந்தது இரண்டையும் எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு, டெக்ஸா மட்டும் எடுத்தவர்களில் 30. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்ன ஆய்வு, எட்டு மாதம் ஆன உங்கள் தங்கை மாதிரி ஆட்கள் அதில் இல்லை. மருந்துக் கடையில் போய் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

பூரணி:
தொப்பி கழன்றிருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்க முடியுமா? முடிந்தால் மண்ணீரலை எடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ளலாமே.

ரத்தத்துளி:
காலக்டோஸில் ஒட்டும் லெக்டின் என்ற புரதங்களை வைத்து, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சிக் கூடங்களில்தான், வழக்கமான டெஸ்டாக இன்னும் வரவில்லை. எடுத்தாலும் அதை மட்டும் வைத்து மண்ணீரலை முடிவு செய்ய மாட்டார்கள். எட்டு மாதம்தானே, பொதுவாக ஒரு வருஷமாவது பொறுத்துத்தான் அந்த ஆபரேஷனுக்குப் போவார்கள், நடுவில் பிளேட்லெட் உற்பத்தியைத் தூண்டும் எல்ட்ரோம்போபேக், ரோமிப்ளோஸ்டிம் என்ற மருந்துகள் இருக்கின்றன. அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கோபி_79:
அம்மா இனிப்பைக் குறைக்கச் சொன்னதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். பிளேட்லெட்டுக்காக இல்லை, ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

பூரணி:
பார்க்கவே இல்லை. நாளைக்கே எடுக்கிறோம்.