12 வோல்ட் டியூப் டிஸ்டார்ஷன் பெடல்: எங்கே கை வைத்தால் சத்தம் தேறும்?

ஆறுகம்பி:
கிட்டாருக்கான விலை குறைந்த பெடல். உள்ளே ஒரு 12ஏஎக்ஸ்7 டியூப், அதற்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் 4558 ஆப்-ஆம்ப் சிப், வெளியே 12 வோல்ட் டிசி அடாப்டர். கெய்னை (பெருக்க அளவை) பாதிக்கு மேல் திருப்பினால் தடித்த கம்பிகளில் நோட்டே பிரியல, மேலே கொசு ரீங்காரம் மாதிரி இரைச்சல். நல்ல டியூப் போட்டால் போதுமா, சர்க்யூட்டை மாற்றணுமா? சால்டரிங் வரும், மல்டிமீட்டர் இருக்கு.

நேர்முனை:
டியூபுக்குக் காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. டியூப் சாக்கெட்டில் 1, 6-ஆம் பின்கள் இரண்டும் பிளேட், அதாவது சிக்னல் வெளிவரும் முனைகள். அங்கே 100 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போர்டுக்குள்ளேயே வோல்டேஜை ஏற்றும் பகுதி இருக்குன்னு அர்த்தம். அப்படியிருந்தா அடாப்டரைக் கழற்றி, பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை வைக்கணும்.

12 வோல்ட்டிலேயே ஓடுதுன்னா பிளேட்டில் 5 முதல் 7 வோல்ட் இருப்பது நல்லது. 2-க்குக் கீழே இறங்கினால் சிக்னலின் ஒரு பக்கம் உடனே நசுங்கும். பிளேட் ரெசிஸ்டரை எடுத்துட்டு 47 கிலோ ஓமோட தொடரில் 500 கிலோ ஓம் டிரிம்பாட் (திருகி மதிப்பு மாற்றும் ரெசிஸ்டர்) போட்டுச் சரிபண்ணுங்க. 11-ஐ ஒட்டியே நின்றால் ஹீட்டரையும் (டியூபைச் சூடாக்கும் இழை) டியூபையும் சந்தேகப்படுங்க.

ஆப்-ஆம்புக்கும் டியூபுக்கும் நடுவே கிரவுண்டுக்குப் போகிற 1என்4148 டயோடு ஜோடி இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்க கேட்கிறது பெரும்பாலும் டயோடு சத்தம்தான், டியூபுக்கு 0.6 வோல்ட்டுக்கு மேல் போகவே போகாது. இரண்டு டயோடிலும் ஒவ்வொரு காலைத் தூக்கிவிட்டு வாசிச்சுப் பாருங்க. அளவு மீறினால் அந்த இடத்தில் இரண்டு சிவப்பு எல்இடி.

கரகரப்பு:
நோட்டு பிரியாததுக்குக் காரணம் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே பேஸ் அதிகமா உள்ளே போவது. பின்னால் இருக்கிற டோன் குமிழால் அதைச் சரிசெய்ய முடியாது. டியூபின் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே வரும் முனை) போகிற கெபாசிட்டர் 100 நானோஃபாரட், கிரிட் ரெசிஸ்டர் 470 கிலோ ஓம்னா வெட்டு 3 ஹெர்ட்ஸில் விழும், அதாவது பேஸ் முழுசும் உள்ளே போகும். 2.2 நானோ போட்டால் 154 ஹெர்ட்ஸ், கம்பி தனித்தனியா கேட்கும். மெலிஞ்சு போச்சுன்னா 3.3 நானோ.

இரைச்சலுக்கு, ஆப்-ஆம்பின் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு (வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் ரெசிஸ்டர்) இணையா 47 பைக்கோஃபாரட் கெபாசிட்டர். அந்த ரெசிஸ்டர் 470 கிலோ ஓம்னா 7.2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறங்க ஆரம்பிக்கும். 100 பைக்கோ போட்டால் 3.4, கிட்டார் மூடிப்போயிடும்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மலிவான போர்டில் பேட் (கால் ஒட்டும் செம்புத் துண்டு) சீக்கிரம் பிய்ஞ்சு வரும், விக் (ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்) வைத்து ஈயத்தை முழுசா எடுத்த பிறகு காலை இழுங்க.

ஆறுகம்பி:
12ஏயு7, 6டிஜே8 டியூப் ரெண்டும் கைவசம் இருக்கு. நேரா செருகலாமா?

நேர்முனை:
12ஏயு7 தாராளமா. பின் வரிசை ஒண்ணுதான், கெய்ன் காரணி 100-லிருந்து 20-க்குக் கீழே வரும், கெய்ன் குமிழ் முழுக்கப் பயன்படும். 6டிஜே8 வேண்டாம்: அதன் ஹீட்டர் 6.3 வோல்ட், உங்க சாக்கெட்டில் ஹீட்டருக்கான 4, 5-ஆம் பின்களுக்கு நடுவே 12 வோல்ட் வந்தா ஃபிலமென்ட் போயிடும். அடாப்டரையும் பாருங்க, ஹீட்டருக்கு மட்டும் 150 மில்லியாம்ப் வேணும். 300 கொடுக்கிறதா இருக்கட்டும்.