எயார் ரைபிள் குழல் துடைக்க எதைப் பாவிக்கிறது?

ஒட்டுசுட்டானில கச்சான் தோட்டம். குரங்கு கலைக்க வச்சிருக்கிற எயார் ரைபிளின்ர குறி ரெண்டு மாசமாப் பிசகுது. குழலை மடக்கி இழுக்கிற ஸ்பிறிங் வகை, 5.5 மில்லிமீற்றர். மொடல் பேர் அழிஞ்சு போச்சு. முந்தி 20 மீற்றரில பால்ரின் மூடியில படும், இப்ப ஒரு சாணுக்குச் சிதறுது. உள்ளுக்குச் சாம்பல் நிறத்தில ஈயம் ஒட்டிக் கிடக்கு.

ஆணியெல்லாம் இறுக்கினன். உலர்ந்த துணி இழுத்தன், ஈயம் அசையேல்லை. மண்ணெண்ணெய் போட்டன், முதல் நாலு சன்னமும் படாரெண்டு புகையோட போச்சு, அமுக்கத்தில எண்ணெய் பத்தியிருக்கு. பக்கத்து வளவு நாய் இன்னும் இந்தப் பக்கம் வரேல்லை. தின்னர் வாங்கி வச்சும், காத்துப் போகாம அடைக்கிற வாசர் ஊதிப்போகுமெண்டு திறக்கேல்லை. அமோனியாத் திரவம் செம்புக் கறைக்குத்தான், ஈயத்துக்கில்லை.

கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில கிடைக்கிற, ஈயத்தை இளக்கி வாசரைக் கெடுக்காத திரவம் எது?