எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசி வதந்திக்கு வாட்ஸ்அப்பில் எப்படிப் பதில் சொல்வது?

கேள்வி: "எம்.ஆர். ஊசி போட்டால் பிள்ளைக்கு ஆபத்து" என்று பெற்றோர் குழுவில் ஓர் ஆடியோ சுற்றுகிறது. அதையே "பொய்" என்று எழுதித் திருப்பி அனுப்பலாமா?

பதில் 1: வேண்டாங்க. "பொய்" என்பது மறந்துபோகும், ஆபத்து என்ற பேச்சுதான் மனசில் நிற்கும். முதல் வரி உண்மையாக இருக்கட்டும்: "இந்த ஊசி தட்டம்மை, ரூபெல்லா இரண்டையும் தடுக்கிறது." வதந்தியை ஒரே வரியில் மறுத்து, காரணம் சொல்லி, மறுபடி உண்மையில் முடியுங்கள். ஆடியோவுக்கு ஆடியோதான் சரி. ஊருக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியர் குரலில், 40 விநாடிக்குள்.

பதில் 2: காய்ச்சலை மட்டும் மறைக்காதீங்க! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இதே ஊசியைப் போட்டபோதும் வாட்ஸ்அப் வதந்திதான் பெரிய தலைவலி. ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சிலருக்கு லேசான காய்ச்சல், தடிப்பு வரும். ஓரிரு நாளில் தணியும். இதை முன்பே சொல்லாவிட்டால், காய்ச்சல் வந்த அன்றைக்கு ஆடியோ பலித்துவிட்டது என்றே தாய் நினைப்பார்.

பதில் 3: முகாமில் மருந்துக் குப்பியைக் காட்டுங்கள். மருந்துப் பொடியை அதற்கான நீரில் கலக்கிய நேரம் அதன்மேல் எழுதியிருக்கும். 4 மணி நேரம் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. ஊசிக்குப் பின் அரை மணி நேரம் ஏன் உட்கார வைக்கிறோம் என்பதையும் சொல்லுங்கள்.