ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மட்டும் ஏன் உறக்கம் தருகிறது?

கேள்வி:
தோல் தடிப்புக்காகக் குளோர்பெனிரமின் விழுங்கும் என் தாயார், அரிசி புடைக்க எடுத்த முறம் மடியில் இருக்கும்போதே உறங்கிவிடுகிறார். வயிற்றெரிச்சலுக்கான ஃபமோடிடினும் ஹிஸ்டமினைத்தான் தடுக்கிறது என்கிறார்கள். அது ஏன் உறக்கம் தருவதில்லை?

மறுமொழி 1:
ஹிஸ்டமின் என்னும் உடல் வேதிப்பொருள் ஒன்றே என்றாலும், அது பற்றிச் செயல்படும் செல் ஏற்பிகள் எச்1 முதல் எச்4 வரை நான்கு வகைப்படும். அரிப்பும் தடிப்பும் எச்1 வழியாகவும், இரைப்பை அமிலச் சுரப்பு எச்2 வழியாகவும் நிகழ்கின்றன. மூளையில் விழிப்பைக் காப்பதும் எச்1 என்பதால், அங்கே எளிதில் நுழைந்து அதைத் தடுக்கும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் உறக்கம் தருகின்றன; ஃபமோடிடின் தடுப்பதோ எச்2ஐ. புதிய எச்1 தடுப்பியான ஃபெக்சோஃபெனடின் பெரும்பாலும் மூளைக்குள் நுழைவதில்லை. முதியவர்கள் தடுமாறி விழக்கூடும் என்பதால், தயவுசெய்து மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

மறுமொழி 2:
மருந்தியலாளர் ஜேம்ஸ் பிளாக் குழுவினர் ஹிஸ்டமின் மூலக்கூறையே படிப்படியாக மாற்றி உருவாக்கிய எச்2 தடுப்பியான சிமெடிடின், 1976இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

மறுமொழி 3:
எச்3ஐத் தடுத்தால், மாறாக, மூளையில் ஹிஸ்டமின் கூடி விழிப்பு மிகும். பகலிலும் அடக்கமுடியாத உறக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்கான பிடோலிசன்ட் மருந்து அவ்வாறே செயல்படுகிறது.