வேளச்சேரி பக்கம் வார இறுதி வாலிபால் லீக் இருக்கிறதா?

வணக்கம். எனக்கு வயது 45. பள்ளியில் ஆடியதோடு சரி. சர்வீஸ் நம்மிடம் இருந்தால்தான் பாயின்ட், 15-க்கு ஒரு செட் என்று இருந்த காலம் அது. இப்போது ஒவ்வொரு ரேலிக்கும் பாயின்ட், செட்டும் 25 வரை. லிபரோ என்று, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஒருவர் வேறு நிறச் சட்டையில் நிற்கிறார்! பொங்கலுக்கு ஊரில் மின்னொளி ஆட்டத்தில் ஆசையாக இறங்கினேன், இரண்டாவது செட்டிலேயே மூச்சு வாங்கிவிட்டது. ஆனாலும் ஆசை விடவில்லை.

பெசன்ட் நகர், திருவான்மியூர் வரை வரத் தயார். ஆண், பெண் சேர்ந்து ஆடும் லீக் ஏதாவது தெரியுமா? மனைவியும் வருவார், என்னைவிட நன்றாகவே ஆடுவார். இரண்டு பேராகப் போனால் ஏதாவது அணியில் சேர்த்துக்கொள்வார்களா, ஆறு பேரைத் திரட்டிக்கொண்டுதான் போக வேண்டுமா? கலப்பு ஆட்டத்தில் வலையை ஆண்களுக்கான 2.43 மீட்டரில் கட்டுவார்களா, பெண்களுக்கான 2.24-லா? 2.43 என்றால் அட்டாக் கனவை விட்டுவிட்டு, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக நின்றுகொள்கிறேன்.

அப்புறம், முழங்கால் கொஞ்சம் தகராறு. சிமென்ட் தரை வேண்டாம், மண்ணோ மணலோ இருந்தால் நல்லது. கட்டணம் எவ்வளவு ஆகும் என்றும் சொல்லுங்கள்.