மீனவக் குப்பத்தில் சுனாமி நினைவிடம்: 12×9 மீட்டரில் என்ன செய்யலாம்?

நெய்தல்வாசி:
நாகை மாவட்டக் கடலோரக் குப்பம். 2004 சுனாமியில் இறந்த 86 பேரின் பெயர் வைக்க வேண்டும். ஸ்தூபி கட்டிக் கம்பிவேலி போட்டால் டிசம்பர் 26 அன்று மட்டும்தான் பூட்டைத் திறப்பார்கள். வலை பின்னவும் சாயங்காலம் உட்காரவும் ஆகிற இடமாக வேண்டும். கல், மரம், தரை பற்றிச் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்:
எல்லாப் பெயரையும் ஒரே கல்லில் வெட்டாதீர்கள். ஓர் எழுத்து தப்பினால் முழுக் கல்லும் வீண். குடும்பத்துக்கு ஒரு பலகை, 60×30 செ.மீ., 30 மி.மீ. கனம். தாயும் பிள்ளைகளும் சேர்ந்தே இருக்கட்டும், அகர வரிசை வேண்டாம். வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில்கூட இறந்த நாள் வரிசைதான். இங்கே எல்லாருக்கும் நாள் ஒன்றே. நாலைந்து பலகை வெறுமையாக விடுங்கள், விடுபட்ட பெயர் கட்டாயம் வரும்.

எழுத்து 25 மி.மீ.க்குக் குறைந்தால் ண, ஞ சுழிகள் பெயர்ந்துவிடும். ஆழம் 3 மி.மீ. மெருகிட்ட கறுப்பு கிரானைட்டில் வெட்டிய இடம் சாம்பலாகத் தெரியும், பெயிண்ட் தேவையில்லை. உப்புக்காற்றில் உரிந்துதான் போகும். பலகையைச் சுவரில் பொருத்தும் ஊசி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சாதா இரும்பு துருப்பிடித்து வீங்கினால் கல்லின் மூலை தெறிக்கும்.

பூவரசு:
வலை பின்னுகிறவர்கள் பெஞ்சில் உட்கார மாட்டார்கள். தரையில் காலை நீட்டி, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துத்தான் பின்னுவார்கள். 6×5 மீட்டர் தரையை படி, தூண் இல்லாமல் விடுங்கள். பேவர் பிளாக் வேண்டாம்: சுடும், இடுக்கில் கண்ணி மாட்டும். இடித்து இறுக்கிய செம்மண்ணும் மணலும் போதும், மழைநீர் வடிய 50க்கு 1 வாட்டம்.

மரம் மேற்கே இருந்தால்தான் பிற்பகல் நிழல் விழும். புன்னை உப்பைத் தாங்கும், ஆனால் மெதுவாக வளரும். அதுவரைக்கும் பூவரசம் போத்து நடுங்கள். அடியில் 1.2 மீட்டர் சதுரம் மண்ணாகவே இருக்கட்டும். அரசமரம் வேண்டாம், வேர் தளத்தைத் தூக்கும்.

45 செ.மீ. உயரத்தில் ஒரு திண்ணை கட்டி, முதுகுச் சுவரில் பெயர்ப் பலகைகளைப் பதிக்கலாம்.

அலைவாய்க்கரை:
முதுகுச் சுவர் யோசனை ஆகாது. செத்தவர் பெயரில் சாய்ந்து உட்கார ஒருவருக்கும் மனசு வராது. திண்ணையே காலியாகக் கிடக்கும். பெயர்ச் சுவர் தனியாக, 70 முதல் 150 செ.மீ. உயரத்துக்குள். அதன் முன்னால் 15 செ.மீ. ஆழ மணல் தொட்டி வையுங்கள், விளக்கும் மெழுகுவத்தியும் அதில் நிற்கும். இல்லாவிட்டால் முதல் நினைவு நாளிலேயே கல்லில் எண்ணெய் இறங்கிவிடும்.

பிள்ளைப்பேற்றில் இறந்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் (இரண்டு கால்கல் மேல் ஒரு மேல்கல்) நட்ட வழக்கம் நம் பக்கம் உண்டே, அதையே வையுங்கள். மீன்கூடை சுமக்கும் அம்மாக்கள் யார் கையும் தேடாமல் இறக்கித் தூக்கலாம். தோள் உயரம், சுமார் 1.3 மீட்டர், நாலு பேரை நிறுத்தி அளந்துகொள்ளுங்கள். மேல்கல் 1.5 மீட்டர் நீளம், 15 செ.மீ. கனம் என்றால் எடை மிக அதிகமாக வரும். மணலில் வெறுமனே நட்டால் சாயும். கால்கல் 60 செ.மீ. ஆழம், கான்கிரீட் அடி.

விளக்கு கடலைப் பார்க்கக் கூடாது. முட்டைபொரித்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தை நம்பி ஊர்ப்பக்கம் ஏறிவிடும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதி கைக்கு வராமல் அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.