வீல் ஸ்பேசர் போடலாமா? முழுக்கத் திருப்பினால் டயர் உரசுகிறது

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் 255/75 ஆர்17 டயர் இருந்தது. போன மாதம் 285/70 ஆர்17 மாற்றினேன். வீல் கம்பெனியில் வந்ததேதான். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் 'சர்ர்' என்று உரசுகிறது. டயர் மாட்டியவர் 30 மி.மீ. ஸ்பேசர் (வீலுக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவே வைத்து, வீலை வெளியே தள்ளும் தட்டு) போடச் சொல்கிறார். இன்னொருவர், ஸ்பேசர் போட்டால் வீலே கழன்று ஓடிவிடும் என்கிறார். கல்லும் சேறுமான பாதையில் பிள்ளைகளோடு போகிற வண்டி, பயமாக இருக்கிறது. போடலாமா?

பதில் 1:
எங்கே உரசுகிறது என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள். உள்பக்கம் லோயர் ஆர்மில் (ஆக்ஸிலை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கம்பி) உரசினால் ஸ்பேசர் உதவும். பம்பர் மூலையிலோ மட்கார்டு லைனரிலோ உரசினால் இன்னும் மோசமாகும். டயர் வெளியே போகப் போக, திரும்பும்போது பெரிய வட்டமாகச் சுற்றும். இந்த இடங்களிலெல்லாம் சாக்பீஸ் தடவிவிட்டு, முழுக்கத் திருப்பி மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள்.

பதில் 2:
மூன்று வருடமாக ஸ்பேசரோடுதான் ஓட்டுகிறேன், கழலவில்லை. ஆனால் முதலில் வாங்கியது வெறும் தட்டு. ஹப்பில் நீட்டியிருக்கும் பழைய ஸ்டட்டிலேயே (நட்டு ஏறும் மரைக் கம்பி) வீலையும் மாட்ட வேண்டும். நட்டு நாலு சுற்றிலேயே நின்றுவிட்டது. 12 மி.மீ. ஸ்டட் என்றால் மரை குறைந்தது 12 மி.மீ. பிடிக்க வேண்டும், அது பாதிகூட இல்லை. அன்றே கழற்றிவிட்டேன். இப்போது இருப்பது ஹப்பில் தனியாக போல்ட் ஆகி, தன் சொந்த ஸ்டட்டில் வீலைத் தாங்குவது. நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஹப்பின் முகத்தில் துருச் செதில் ஒன்று இருந்தாலும் ஸ்பேசர் சரியாகப் படியாது, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நட்டை டார்க் ரெஞ்சில்தான் (எவ்வளவு இறுக்கம் என்று அளவு காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் வீலைக் கழற்றி உள்நட்டுகளையும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமை இல்லையென்றால் ஸ்பேசர் வேண்டாம்.

பதில் 3:
பேரிங் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படியும் முகம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்ற அளவு; அது குறைந்தால் வீல் வெளியே வரும். 44 ஆஃப்செட் வீலில் 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் 14 ஆஃப்செட் வீல் மாட்டிய மாதிரிதான், பேரிங்குக்கு இரண்டும் ஒரே சுமை. குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை இழுப்பதும் இரண்டிலும் கூடும். ஸ்பேசரில் கவனிக்க வேண்டிய நட்டுகள் மட்டும் இரட்டிப்பு. டயர் அகலம் 255-லிருந்து 285 மி.மீ. ஆனதில், கணக்குப்படி உள்பக்கம் பாதி, வெறும் 15 மி.மீ.தான் கூடியிருக்கிறது. அதற்கு 30 எதற்கு? சாலிட் ஆக்ஸில் வண்டி (இரண்டு முன் சக்கரத்தையும் ஒரே ஆக்ஸில் இணைப்பது) என்றால், சக்கரம் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப் போல்ட்டுக்கு அடியில் வாஷர் வைத்துப் பாருங்கள். திரும்பும் கோணம் துளி குறையும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
சாலிட் ஆக்ஸில்தான். சாக்பீஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் டயரின் உள் தோளில் விரல் அகலத்துக்கு வெள்ளைக் கோடு. லைனரில் தடவியது அப்படியே இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் வாஷர் வைத்தேன், உரசல் நின்றுவிட்டது. யூ-டர்ன் எடுக்கும்போது இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கிறது. ஸ்பேசர் வாங்கவில்லை. மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி.

பதில் 1:
நல்லது. ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையிலும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள். சமதளத்தில் உரசாதது அங்கே உரசலாம்.